இசைக் கலைஞர்களைப் பற்றிய படங்களில் இசை எங்கே இருக்கிறது?

அலைவரிசை எழுதியது:

கொஞ்ச நாளாக இசைக் கலைஞர்களின் வாழ்க்கையை வைத்து எடுத்த படங்களாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு குறை திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. படம் முடியும்போது அவர் யாரைக் காதலித்தார், எப்போது போதையில் விழுந்தார், அப்பாவோடு என்ன பிரச்சினை, மேனேஜர் எவ்வளவு சுருட்டினார், எல்லாம் தெரிந்துவிடுகிறது. அந்த மெட்டு எப்படி உருவானது, அதில் அப்படி என்ன புதுசு, அன்றைக்குக் கேட்டவர்கள் ஏன் அசந்துபோனார்கள் என்பது மட்டும் தெரிவதில்லை. அவரை நாம் தேடிப்போனதே அதற்காகத்தான்.

அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸ் பற்றிய 'ரே' (2004), இன்னொரு அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் பற்றிய 'வாக் த லைன்' (2005) இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் சிறுவயதில் உடன்பிறந்தவன் இறக்கிறான். ரேயின் தம்பி துணி துவைக்கும் தொட்டியில் மூழ்கிவிடுகிறான். கேஷின் அண்ணன் மரம் அறுக்கும் ரம்பத்தில் சிக்கிக்கொள்கிறான். இரண்டுமே நிஜமாக நடந்தவை, யாரும் இட்டுக்கட்டவில்லை. ஆனால் பின்னால் வரும் போதைப் பழக்கம், குடும்பச் சண்டை, மேடையில் வரும் கண்ணீர் என எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சாவையே சாவியாக்கிவிடுகிறார்கள். தம்பியையோ அண்ணனையோ பறிகொடுத்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் மட்டும் ஏன் ரே சார்ல்ஸ் ஆனார்? அந்தக் கேள்விப் பக்கமே படம் போவதில்லை. 2007-இல் 'வாக் ஹார்ட்' என்று இந்த வகைப் படங்களைக் கிண்டலடித்தே ஒரு முழுநீளப் படம் வந்தது. அதிலும் தொடக்கத்தில் அண்ணன் சாகிறான். அதற்கு அப்புறமும் அதே அச்சில் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது? இசையைப் பற்றியே நன்றாகப் பேசிய படம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். என் பட்டியலில் இரண்டு மூன்று இருக்கின்றன, பிறகு எழுதுகிறேன்.

நடுநிசி வானொலி எழுதியது:

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் படத்திடம் அது தர முடியாத ஒன்றைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இசை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள இசைத்தட்டு இருக்கிறது, விமர்சனப் புத்தகங்கள் இருக்கின்றன. அவை எதிலும் இல்லாத ஒன்றைப் படம் தருகிறது. அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த உடம்பை.

பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் பற்றிய 'லா வீ ஆன் ரோஸ்' (2007) படத்தைச் சொல்கிறேன். மரியோன் கோட்டியார் நடித்தது, அதற்கு ஆஸ்கரும் கிடைத்தது. பியாஃப் இறந்தபோது அவருக்கு வயது 47தான். படத்தில் கடைசிக் காலத்து பியாஃபைப் பார்த்தால் எண்பது வயதுக் கிழவி மாதிரி இருக்கிறார். முதுகு கூனி, தலைமுடி கொட்டி, கை நடுங்க நிற்கிறார். அப்படிப்பட்டவர் 1960-இல் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் ஏறி, 'எதற்கும் நான் வருந்தவில்லை' என்ற பொருளில் வரும் அந்தப் பாட்டைப் பாடுகிறார். நான் அந்தப் பாட்டைப் பல வருடமாகக் கேட்டவன். வெற்றி முழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த உடம்பிலிருந்து அது வருகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு கேட்டால், பாட்டின் எடையே வேறாக இருக்கிறது. எந்தப் புத்தகமும் எனக்கு இதைச் செய்யவில்லை.

இன்னொன்று, புதிய காதுகள். 2018-இல் 'பொஹீமியன் ராப்சோடி' படம் 90 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. குவீன் குழுவின் அந்தத் தலைப்புப் பாடல் 1975-இல் வந்தது. படம் வெளியான சில வாரங்களில், 20-ஆம் நூற்றாண்டுப் பாடல்களிலேயே இணையத்தில் அதிகம் ஸ்ட்ரீம் செய்யப்பட்டது அதுதான் என்று அந்த டிசம்பரில் அறிவித்தார்கள். பிறப்பதற்கு முன்னால் வந்த பாட்டைத் தேடிப்போய்க் கேட்ட பதின்வயதுப் பிள்ளைகள் அதில் எத்தனை பேர் இருப்பார்கள்! இதைச் சாதாரணமாகத் தள்ளிவிடக் கூடாது.

சரித்திரப்பிரியன் எழுதியது:

'பொஹீமியன் ராப்சோடி' பேச்சு வந்துவிட்டதால் சொல்லியே ஆகவேண்டும். புதிய ரசிகர்கள் வந்தது சரி. அவர்கள் என்ன தெரிந்துகொண்டு வந்தார்கள்?

படத்தில் குவீனின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி தனி ஆல்பத்துக்கு ஒப்பந்தம் போடுகிறார், அதனால் குழு உடைகிறது, வருடக்கணக்கில் யாரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, கடைசியில் மன்னிப்புக் கேட்டு லைவ் எய்ட் என்ற நிதிதிரட்டும் கச்சேரியின் மேடைக்காக மீண்டும் சேர்கிறார்கள். நிஜத்தில் லைவ் எய்ட் நடந்தது 1985 ஜூலை 13 அன்று. அதற்கு இரண்டு மாதம் முன்புவரை குவீன் குழு உலகச் சுற்றுப்பயணத்தில் இருந்தது. 1984-இல் புது ஆல்பம் வெளியிட்டார்கள். 1985 ஜனவரியில் ரியோவில் மாபெரும் கூட்டத்துக்கு முன் வாசித்தார்கள். தனி ஆல்பம் போட்டது துரோகம் என்று படம் காட்டுகிறது. ஃப்ரெடிக்கு முன்பே டிரம்மர் ரோஜர் டெய்லர் இரண்டு தனி ஆல்பம் போட்டிருந்தார்!

இதைவிட என்னை உறுத்துவது நோய் விஷயம். லைவ் எய்டுக்கு முந்தைய ஒத்திகையில் தனக்கு எய்ட்ஸ் என்று ஃப்ரெடி குழுவினரிடம் சொல்வதாகக் காட்சி. அவருக்கு நோய் உறுதியானது 1987 வாக்கில் என்றுதான் அவரோடு இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உச்சக்கட்டக் கச்சேரிக்குக் கண்ணீர் வேண்டும் என்பதற்காக ஒரு மனிதனின் மரணச் செய்தியை இரண்டு வருடம் முன்னால் இழுத்துவைத்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. இதன் விளைவு என்ன ஆகிறது பாருங்கள். அன்றைக்கு லண்டன் வெம்ப்ளி மேடையில் அவர்கள் வாசித்த சுமார் 20 நிமிடம் அவ்வளவு கச்சிதமாக இருந்ததற்குக் காரணம், வருடக்கணக்காக ஓயாமல் மேடை ஏறிய பழக்கமும் அந்த நிகழ்ச்சிக்காகவே செய்த ஒத்திகையும்தான். படத்தைப் பார்த்தவர்கள் அதை மன்னிப்பின் மகிமை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அலைவரிசை எழுதியது:

சரித்திரப்பிரியன் சொன்ன கடைசி வரிதான் நான் சொல்லவந்தது. உழைப்பு இருக்க வேண்டிய இடத்தில் உணர்ச்சியை வைத்துவிடுகிறார்கள்.

ஆனால் உண்மை பிசகியதாலேயே ஒரு படத்தை நான் ஒதுக்கமாட்டேன். 1984-இல் மிலோஷ் ஃபோர்மன் இயக்கிய 'அமேடியஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொஸார்ட்டை சக இசையமைப்பாளர் சாலியேரி பொறாமையால் அழித்தார் என்பது வதந்தி, அதை ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1830-லேயே நாடகமாக்கிவிட்டார். நிஜ சாலியேரி கொண்டாடப்பட்ட ஆசிரியர். பீத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் மூவரும் அவரிடம் படித்தவர்கள். மொஸார்ட்டின் சொந்த மகனே அவரிடம் பாடம் கேட்டார். படத்தில் பிரம்மச்சாரியாக வருபவருக்கு நிஜத்தில் எட்டுப் பிள்ளைகள். இவ்வளவு பிழைகளோடும், நான் பார்த்த படங்களில் இசை எப்படிக் கட்டப்படுகிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டிய காட்சி அதில்தான் இருக்கிறது.

சாகப்போகும் மொஸார்ட் படுக்கையில் கிடக்கிறார். சாலியேரி காலடியில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல, இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசையான 'ரெக்வியம்' படைப்பின் 'கன்ஃபுட்டாட்டிஸ்' பகுதியை எழுதுகிறார். முதலில் கீழ்க்குரல் ஆண்கள் பாடும் வரி. நமக்கு அது மட்டும் கேட்கிறது. அடுத்து மேல்குரல் ஆண்கள் பின்தொடரும் வரி. அப்புறம் அந்தக் குரல்களுக்குத் துணையாக பஸூனும் ட்ரோம்போனும். பிறகு ட்ரம்பெட்டும் டிம்பனி முரசும். சாலியேரிக்குப் பிடிபடவில்லை, வேகமாகப் போகாதீர்கள் என்று கெஞ்சுகிறார். கடைசியில் வயலின் கூட்டம் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப இழைக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டுவிட்ட நமக்கு, எல்லாம் ஒன்றாக ஒலிக்கும்போது ஒவ்வொரு இழையும் பிரிந்து தெரிகிறது. நோட்டேஷன் ஒரு எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாதவர்களும் ஐந்து நிமிடத்தில் ஆர்க்கெஸ்ட்ரேஷன் என்றால் என்ன என்று புரிந்துகொண்டு எழுந்து போவார்கள்.

அப்படி ஒரு இரவு நடக்கவே இல்லை. மொஸார்ட் விட்டுப்போன அந்தப் பகுதியில் குரல் வரிகளும், பாஸும், வாத்தியங்களுக்கான சில குறிப்புகளும்தான் இருந்தன. மீதியை நிரப்பியவர் அவருடைய உதவியாளர் ஸூஸ்மையர். ஆனாலும் அந்தக் காட்சி இசைக்கு உண்மையாக இருக்கிறது. தேதி எல்லாம் சரியாக இருந்தும் இசை பற்றி ஒரு வார்த்தை சொல்லாத படங்களைவிட இது எனக்கு மேல்.

சரித்திரப்பிரியன் எழுதியது:

அந்தக் காட்சியின் அருமையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே படம் இன்னொரு தவறான எண்ணத்தையும் பரப்பிவிட்டது. மொஸார்ட்டின் கையெழுத்துப் பிரதிகளில் ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை, கடவுள் சொல்ல அவர் எழுதினார் என்று சாலியேரி வியக்கும் இடம். மொஸார்ட் முன்வரைவுகள் போட்டிருக்கிறார், இன்றைக்கும் பல இருக்கின்றன. ஹைடனுக்கு அர்ப்பணித்த ஆறு நால்வர் இசைப் படைப்புகளை, நீண்ட, கடினமான உழைப்பின் பலன் என்று அவரே அந்த அர்ப்பணிப்பில் எழுதியிருக்கிறார். மேதை என்றால் உழைக்கத் தேவையில்லை என்ற நம்பிக்கை, இசை கற்கும் பிள்ளைகளுக்கு எவ்வளவு கெடுதல் என்று யோசியுங்கள். நாடகத்துக்காகத் தேதியை மாற்றுவதைவிட இதைத்தான் நான் பெரிய பிழையாகப் பார்க்கிறேன்.

பியானோ மாணவி எழுதியது:

கற்கும் பிள்ளைகள் என்று வந்துவிட்டதால் நானும் எழுதுகிறேன். இந்தப் படங்களில் நான் முதலில் பார்ப்பது கைகளை. முகம் உருகிக்கொண்டிருக்கும், விரல் வேறு ஸ்வரத்தில் இருக்கும். அந்த இடத்திலேயே படம் எனக்கு முடிந்துபோகும்.

அதனால்தான் 'ரே' படத்தை அலைவரிசை சொன்ன அளவுக்கு என்னால் தள்ள முடியவில்லை. ரேயாக நடித்த ஜேமி ஃபாக்ஸ் கல்லூரியில் பியானோ படித்தவர். ரே பார்வையற்றவர் என்பதால் கண்களை மூடி ஒட்டிய நிலையில் அவரே வாசிக்கிறார். அதில் ஒரு காட்சி. கிளப்பில் பட்டியலில் இருந்த பாட்டெல்லாம் முடிந்துவிட்டது, ஆனால் ஒப்பந்தப்படி இன்னும் நேரம் பாக்கி. ரே எலெக்ட்ரிக் பியானோவில் இடது கையால் ஒரு சுற்றைத் தொடங்குகிறார். குழுவைப் பார்த்து என் பின்னால் வாருங்கள் என்கிறார். பாடகிகளிடம் நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்கிறார். கூட்டம் எழுந்து ஆடத் தொடங்குகிறது. 'வாட் ஐ சே' பாட்டு பிறந்த கதை இதுதான், ரே சார்ல்ஸே சொன்னது. பாதிரியார் கேட்க ஜனங்கள் திருப்பிச் சொல்லும் தேவாலயப் பாட்டு முறை அப்படியே இரவு விடுதிக்கு வந்து இறங்குவதை அந்தக் காட்சியில் கேட்கலாம். அலைவரிசை, நீங்கள் தேடும் இசை அந்தப் படத்தில் இருக்கிறது. தம்பியின் சாவு அதைக் கொஞ்சம் மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

பிராட்லி கூப்பர் எடுத்த 'மேஸ்ட்ரோ' (2023) எனக்கு இதற்கு நேர் எதிர். அமெரிக்க இசை நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் 1973-இல் ஈலி தேவாலயத்தில் மாலரின் இரண்டாம் சிம்ஃபனியை நடத்திய நிகழ்ச்சியை அப்படியே மறுபடி எடுத்தார்கள். லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா உட்கார்ந்திருக்க, கூப்பரே நடத்துகிறார். அந்த ஆறு நிமிடத்துக்காக ஆறு வருடம் பயின்றதாக அவரே சொன்னார். பிரமாதமான காட்சி. ஆனால் பெர்ன்ஸ்டைன் இசையமைப்பாளரும்கூட. தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கு இசையைப் புரியவைத்த மாபெரும் ஆசிரியர். அவர் இசையமைத்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' எப்படி உருவானது என்று படத்தில் ஒன்றுமே இல்லை. திருமணத்தைப் பற்றிய படம் என்றால் சரி, நல்ல படம். தலைப்பு வேறு ஒன்றை எதிர்பார்க்க வைத்துவிட்டது.

ஒலிக்கூடம் எழுதியது:

எல்லோரும் இயக்குநரின் ரசனையைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தப் படங்களின் வடிவத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வேறொன்று. பாட்டு யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

ஒருவரின் வாழ்க்கைச் சம்பவங்களைப் படமாக்க அமெரிக்கா போன்ற இடங்களில் பெரிய தடை இல்லை. பாட்டுக்குத்தான் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டு அனுமதி. மெட்டுக்கும் வரிகளுக்கும் பதிப்பாளரிடம் ஒன்று. பழைய ஒலிப்பதிவையே பயன்படுத்துவதாக இருந்தால் அதை வைத்திருக்கும் கம்பெனியிடம் இன்னொன்று. இரண்டில் ஒன்று மறுக்கப்பட்டாலும் கதை மாறிவிடும். கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பற்றி 2013-இல் வந்த படத்துக்கு அவர் எழுதிய பாட்டு எதுவும் கிடைக்கவில்லை. அதனால் அவர் புகழ்பெறுவதற்கு முந்தைய 1966, 67 ஆகிய வருடங்களோடு நின்றுவிட்டார்கள். படத்தில் அவர் அடுத்தவர்களின் பாட்டைத்தான் வாசிக்கிறார். பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி பற்றிய 'ஸ்டார்டஸ்ட்' (2020) போவியின் பாட்டு ஒன்றுகூட இல்லாமல் வந்தது. எப்படி ஓடும்?

அனுமதி கிடைத்தால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடுகிறதா? உரிமை வைத்திருப்பவர்கள் தயாரிப்பிலும் உட்கார்ந்துவிடுகிறார்கள். 'பொஹீமியன் ராப்சோடி'யில் குவீன் குழுவின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் நெருக்கமாக ஈடுபட்டார்கள். படத்தில் அவர்கள் இருவரும் எப்போதும் நிதானமான நல்ல பிள்ளைகள், வழிதவறுவது இறந்துபோன ஃப்ரெடி மட்டும்தான். என்.டபிள்யூ.ஏ என்ற ராப் குழுவைப் பற்றிய 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' (2015) படத்தை அந்தக் குழுவில் இருந்த ஐஸ் க்யூபும் டாக்டர் ட்ரேயும் சேர்ந்தே தயாரித்தார்கள். 1991-இல் டீ பார்ன்ஸ் என்ற பெண் பத்திரிகையாளரை ட்ரே தாக்கிய சம்பவம் படத்தில் இல்லவே இல்லை. தன் கதையிலிருந்து தன்னையே அழித்துவிட்டார்கள் என்ற வேதனையை பார்ன்ஸ் அப்போது எழுதினார். அனுமதி இல்லாவிட்டால் படத்தில் பாட்டு இருக்காது. அனுமதி இருந்தால் படத்தில் பாதி உண்மை இருக்காது. இந்த வகையின் மிகப் பெரிய வரம்பு இதுதான் என்பது என் கருத்து.

இதில் ஒரு விதிவிலக்கு சொல்லவேண்டும். சோஃபியா கொப்போலாவின் 'பிரிசில்லா' (2023). எல்விஸின் மனைவியின் பார்வையில் போகும் படம். எல்விஸ் பாட்டுகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த இல்லாமையே படத்துக்குப் பலமாகிவிட்டது. பதினான்கு வயதில் அவரைச் சந்தித்து, பெரிய மாளிகையில் காத்துக்கிடந்த பெண்ணுக்கு, அந்தப் பாட்டெல்லாம் கதவுக்கு வெளியேதானே இருந்தது! கடைசியில் அவர் மாளிகையை விட்டுக் கிளம்பும்போது டாலி பார்ட்டனின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' ஒலிக்கிறது. அந்தப் பாட்டை எல்விஸ் பாட விரும்பினார். பதிப்புரிமையில் பாதியைக் கொடுத்தால்தான் பாடுவார் என்று அவருடைய மேனேஜர் கர்னல் பார்க்கர் கேட்டதும், டாலி பார்ட்டன் மறுத்துவிட்டார். உரிமை கைவிட்டுப்போகாமல் காத்த ஒரு பெண்ணின் பாட்டோடு இந்தப் பெண் வெளியேறுகிறார். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள்.

நடுநிசி வானொலி எழுதியது:

நல்ல பதிவு ஒலிக்கூடம். ஒரு கேள்வி. நடிகர் சொந்தக் குரலில் பாடுவது நல்லதா, அசல் குரலுக்கு வாயசைப்பது நல்லதா? பியாஃப் படத்தில் பெரும்பாலும் அசல் ஒலிப்பதிவுதான். எனக்கு அது உறுத்தவில்லை. 'வாக் த லைன்' படத்தில் வாக்கின் ஃபீனிக்ஸும் ரீஸ் விதர்ஸ்பூனும் தாங்களே பாடினார்கள். அதுவும் உறுத்தவில்லை.

ஒலிக்கூடம் எழுதியது:

அது பாடகரைப் பொறுத்தது. ஜானி கேஷின் குரலில் நுணுக்கமான சங்கதி கிடையாது. கனம், நேர்மை, பேச்சோசை, அவ்வளவுதான். நல்ல நடிகர் அதைத் தொட்டுவிடலாம். பியாஃப், ஃப்ரெடி மாதிரி குரல்களை நடித்துக் கொண்டுவர முடியாது. அதனால்தான் ஃப்ரெடிக்கு அவருடைய அசல் ஒலிப்பதிவையும், அவரைப் போலவே பாடும் மார்க் மார்ட்டெல் என்பவரின் குரலையும் கலந்து, நடுவில் ஃப்ரெடியாக நடித்த ராமி மாலெக்கின் குரலையும் சேர்த்துத் தைத்தார்கள்.

ஒலித்துறையில் இருப்பவனாக என்னைக் கவர்ந்தது க்ளின்ட் ஈஸ்ட்வுட் 1988-இல் எடுத்த 'பர்ட்'. ஜாஸ் மேதை சார்லி பார்க்கரின் கதை. பார்க்கரின் பழைய பதிவுகளிலிருந்து சாக்ஸஃபோனை மட்டும் வடிகட்டிப் பிரித்து, மற்ற வாத்தியங்களைப் புதிதாக வாசிக்கவைத்து அதன் கீழே சேர்த்தார்கள். இன்றைக்கு இருக்கும் கணினிக் கருவிகள் அப்போது கிடையாது. 1955-இல் இறந்தவரோடு 1988-இன் கலைஞர்கள் கூடவே வாசிக்கிறார்கள். பழைய பதிவின் உராய்வும் ஈரமும் போய்விட்டது என்று வருத்தப்பட்ட ஜாஸ் ரசிகர்களும் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பாடுவதைப் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பதிவுசெய்யும்போது வேறொரு உயிர் வருகிறது. பஞ்சாபிப் பாடகர் சம்கீலாவைப் பற்றி இம்தியாஸ் அலி எடுத்த 'அமர் சிங் சம்கீலா' (2024) அப்படித்தான். தில்ஜித் தோசாஞ்சும் பரிணீதி சோப்ராவும் படப்பிடிப்பிலேயே பாடினார்கள், மூச்சு வாங்குவது கேட்கிறது. அதோடு அந்தப் படம் தன் நாயகனின் பாட்டு ஆபாசம் என்ற குற்றச்சாட்டை ஒளிக்கவில்லை. வரிகளைத் திரையிலேயே போட்டுக் காட்டுகிறது. 1988-இல் சம்கீலாவும் அவர் மனைவி அமர்ஜோத்தும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்றது யார் என்று இன்றுவரை தீரவில்லை. படமும் தீர்த்துவைக்கப் பார்க்கவில்லை.

அலைவரிசை எழுதியது:

இப்போது என் பட்டியல். பியானோ மாணவி சொன்ன 'வாட் ஐ சே' காட்சி அருமை என்பதில் சந்தேகமே இல்லை. என் குறை, அது இரண்டரை மணி நேரத்தில் ஒரு சில நிமிடம்தான் என்பது.

எனக்கு மிகவும் பிடித்தது 'லவ் அண்ட் மெர்சி' (2014). பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் பற்றியது. வாழ்க்கை முழுவதையும் அள்ள ஆசைப்படாமல் இரண்டே காலங்கள், இரண்டு நடிகர்கள். இளவயதில் பால் டேனோ, 80-களில் ஜான் க்யூசாக். 1966-இல் வந்த 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தின் ஒலிப்பதிவு நாட்கள் அதில் வருகின்றன. வில்சன் பியானோவுக்குள் குனிந்து தந்திகளில் கொண்டை ஊசிகளைச் செருகுகிறார், ஒலி மாறுகிறது, முகம் மலர்கிறது. நாய்களை ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்து குரைக்கவிட்டுப் பதிவு செய்கிறார். செல்லோ கலைஞர்களை ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைக்கிறார், வெளியே குழுவினர் பொறுமை இழக்கிறார்கள். பாஸ் கிட்டார் வாசிப்பவர் ஒரு சந்தேகம் கேட்கிறார்: இரண்டு பாஸ் வரிகள் இரண்டு வேறு சுருதியில் இருக்கின்றனவே, எப்படிச் சேரும்? என் தலைக்குள் சேர்கிறது என்கிறார் வில்சன். வாசிக்கிறார்கள், சேர்கிறது. நாயகன் மேதை என்று யாரும் வசனம் பேசவில்லை. அந்த அறையில் இருக்கும் அனுபவசாலிகளின் முகம் மாறுவதைக் காட்டினார்கள், போதும். அவரை வதைத்த மனநோய்கூடக் காதின் வழியாகத்தான் நமக்கு வருகிறது. விருந்து மேசையில் கத்தியும் தட்டும் மோதும் சத்தம் பெருகிப் பெருகிக் காதைப் பிளக்கும் இடத்தில், நமக்கே எழுந்து ஓடவேண்டும்போல இருக்கும்.

இன்னொன்று கனடியப் பியானோ மேதை க்ளென் கூல்ட் பற்றிய 'தர்ட்டி டூ ஷார்ட் ஃபிலிம்ஸ் அபௌட் க்ளென் கூல்ட்' (1993). முப்பத்திரண்டு சிறு துண்டுகள், தொடர்கதை கிடையாது. அவர் பேர்பெற்றது பாஹின் 'கோல்ட்பெர்க்' படைப்பை வாசித்து, அதிலும் முப்பத்திரண்டு பகுதிகள். ஒரு துண்டில் அவர் ஹோட்டல் அறையில் இருக்கிறார், தான் வாசித்த புது இசைத்தட்டு தபாலில் வந்திருக்கிறது. அறையைச் சுத்தம்செய்ய வந்த பெண்ணைப் போகவிடாமல் உட்காரவைத்து அதைப் போடுகிறார். முதலில் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, கொஞ்சம் பயம்கூட. மெல்ல மெல்ல அவர் முகத்தில் இசை இறங்குகிறது. அப்புறம் சாலையோர உணவகத்தில் கூல்ட் தனியாக உட்கார்ந்து, சுற்றிலும் பேசிக்கொண்டிருக்கும் லாரி ஓட்டுநர்களின் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கேட்கும் துண்டு. பாஹை அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பாருங்கள், இரண்டு படமும் பிறப்பிலிருந்து இறப்புவரை போகவில்லை. 'எ கம்ப்ளீட் அன்னோன்' (2024) படமும் பாப் டிலனின் 1961 முதல் 1965 வரை மட்டும்தான். அதனால் பாட்டுகளுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது, திமோத்தே ஷாலமே பல பாட்டுகளை நீளமாகவே பாடுகிறார். காலத்தைக் குறுக்கினால்தான் இசைக்கு நேரம் கிடைக்கும்.

சரித்திரப்பிரியன் எழுதியது:

டிலன் படத்திலும் ஒன்று இருக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடை ஏறியதும், நாட்டுப்புற இசைக்குத் துரோகம் செய்துவிட்டார் என்ற கோபத்தில் கூட்டத்தில் ஒருவர் 'யூதாஸ்' என்று கத்துகிறாரே, அது 1966 மே மாதம் மான்செஸ்டரில் நடந்தது. படம் அதை 1965 ஜூலையின் நியூபோர்ட் விழாவுக்கு நகர்த்திவிட்டது. ஆனால் இதை நான் ஃப்ரெடி விஷயத்தோடு ஒன்றாக வைக்கமாட்டேன். அந்தக் கூச்சலின் பொருள் இடம் மாறியதால் மாறவில்லை. இரண்டு இடத்திலும் ரசிகர்களின் கோபம் ஒன்றேதான். ஃப்ரெடி படத்தில் தேதி மாறியதும் ஒரு மனிதனின் நடத்தைக்கே வேறு காரணம் வந்துவிட்டது. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதற்கு என் அளவுகோல் இதுதான்.

பியானோ மாணவி எழுதியது:

பாட்டு பிறப்பதைப் பார்க்க நடிகர்கள்தான் வேண்டுமா என்ற எண்ணமும் வருகிறது. பீட்டர் ஜாக்சன் தொகுத்த பீட்டில்ஸ் ஆவணப்படம் 'கெட் பேக்' (2021) பார்த்தவர்களுக்குத் தெரியும். 1969 ஜனவரியில் ஒரு காலை. ஜான் லெனன் இன்னும் வரவில்லை. பால் மெக்கார்ட்னி பாஸ் கிட்டாரைக் கிட்டார் மாதிரி வேகமாக மீட்டி, வார்த்தையே இல்லாமல் ஏதோ முனகுகிறார். எதிரில் ஜார்ஜ் கொட்டாவி விடுகிறார். இரண்டு நிமிடத்தில் அந்த முனகலுக்குள்ளிருந்து 'கெட் பேக்' பாட்டின் பல்லவி தலைநீட்டுகிறது. ரிங்கோ கை தட்ட ஆரம்பிக்கிறார், ஜார்ஜும் சேர்ந்துகொள்கிறார். எந்தத் திரைக்கதை ஆசிரியரும் அந்தக் கொட்டாவியை எழுதியிருக்கமாட்டார். அவர் எழுதினால் எல்லோரும் பிரமித்து எழுந்து நின்றிருப்பார்கள்.

நடுநிசி வானொலி எழுதியது:

சத்தியமான வார்த்தை. ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. பியாஃப் தெருவில் பாடிய நாட்களை யாரும் படம் பிடிக்கவில்லை. மொஸார்ட்டுக்கு ஒலிப்பதிவே கிடையாது. அந்த இடைவெளியை நடிகர்தான் நிரப்பவேண்டும்.

நம் பக்கத்துக்கு வருவோம். இளையராஜா வாழ்க்கைப் படம் 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. தனுஷ் நடிக்க, அருண் மாதேஸ்வரன் இயக்குவதாக. எனக்கு அதில் ஒரே ஒரு காட்சி வேண்டும். வாத்தியம் எதையும் தொடாமல் தாளில் அவர் நோட்டேஷன் எழுதுகிறார். எழுதியதைக் கலைஞர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வயலின்காரருக்குத் தன் வரி மட்டும் தெரியும், புல்லாங்குழல்காரருக்குத் தன் வரி மட்டும். கை அசைகிறது, முதல் தடவையாக எல்லாம் சேர்ந்து ஒலிக்கிறது. எழுதியவருக்கு மட்டும்தான் அது ஏற்கெனவே கேட்ட இசை. இதை வெட்டாமல் ஐந்து நிமிடம் காட்டினால் போதும், மீதி படம் எப்படி இருந்தாலும் நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

அலைவரிசை எழுதியது:

நானும் வருகிறேன். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னணியில் வசனமோ பழைய நினைவுக் காட்சியோ வராமல் இருக்கவேண்டும்.

புதுவாசகன் எழுதியது:

இழை முழுவதையும் படித்தேன். இதில் ஒரு படமும் நான் பார்த்ததில்லை, மேற்கத்திய இசையும் அதிகம் கேட்டதில்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஒலிக்கூடம் எழுதியது:

முதலில் 'பெட் சவுண்ட்ஸ்' கேளுங்கள். சுமார் 36 நிமிடம்தான். ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போனில் கேளுங்கள். பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. மறுநாள் 'லவ் அண்ட் மெர்சி' பாருங்கள், முடிந்ததும் ஆல்பத்தை மறுபடி போடுங்கள். முதல் தடவை காதில் விழாத சைக்கிள் மணியும் நாய்க் குரைப்பும் இப்போது தனியாகக் கேட்கும்.

அடுத்து 'அமேடியஸ்'. அதில் இரண்டு பதிப்பு உண்டு. 2002-இல் வந்த டைரக்டர்ஸ் கட் 20 நிமிடம் கூடுதல் நீளம். 1984-இல் தியேட்டரில் வந்த பதிப்பையே பாருங்கள். சேர்த்த காட்சிகளில் சாலியேரி மொஸார்ட்டின் மனைவியை அவமானப்படுத்துகிறார். அதைப் பார்த்துவிட்டால் அவர்மேல் இருக்கும் பரிதாபம் போய்விடும், கடைசியில் அந்த 'கன்ஃபுட்டாட்டிஸ்' இரவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நம்மால் கேட்க முடியாது.